சின்னக் கூடத்துக்குக் கல்யாண மண்டபத்து மைக் செட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர் பக்கம் கஃபேக்களிலும் மொட்டை மாடிகளிலும் நடக்கிற இசைக்குழு நிகழ்ச்சிகளின் இரைச்சல் பற்றி வாசகர்கள் அவ்வப்போது குறைபட்டு எழுதுகிறார்கள். குறை நியாயமானதுதான். அதற்காகத் தடை போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அறுநூறு சதுர அடிக் கூடத்தில் ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்துக்கான மைக் செட்டை இறக்கினால் அக்கம்பக்கத்தாருக்குத் தூக்கம் போகும். காசு கொடுத்து உள்ளே நிற்பவருக்கும் பாட்டு விளங்காது. இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றே.

சினிமாப் பாட்டில் பாதி வரி காதில் விழாவிட்டாலும் மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார், வருஷக்கணக்கில் மனப்பாடம். சொந்தமாக எழுதி மெட்டுப் போடும் குழுக்களுக்கு அந்த வசதி கிடையாது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், வரிகளுக்காகவே பேசப்பட்ட குழு. வரி காதில் விழாவிட்டால் இந்த மாதிரிப் பாட்டில் பாதி போயிற்று.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் "எத்தனை வாட்ஸ்ங்க?" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். ஆயிரம் வாட்ஸை இரண்டாயிரமாக்கினால் சத்தத்தின் அளவில் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சற்றே உயர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சத்தம் இரட்டித்ததாகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சின்னக் கூடத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது டிரம்ஸ். மைக்கே இல்லாமல் குச்சியால் ஓங்கி அடித்தால் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேல் கிட்டார், கிட்டாருக்கு மேல் பாஸ் கிட்டார், எல்லாவற்றுக்கும் மேல் குரல் என்று ஏற்றிக்கொண்டே போனால் அரை மணியில் கூடம் தறிக்கொட்டகையாகிவிடும்.

ஆகவே இறக்குவதையும் டிரம்ஸிலிருந்தே தொடங்க வேண்டும். ஒற்றைக் குச்சிக்குப் பதிலாக மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ‘ராட்’ பிடித்தாலே கணிசமாகக் குறையும். ஸ்னேர் டிரம்மின் ஓரத்தில் கைக்குட்டையை மடித்து டேப் ஒட்டினால் நீளும் ஓசை அடங்கும். அடுத்தது கிட்டார் ஆம்ப்ளிஃபயர். அதைத் தரையில் வைத்தால் ஒலி வாசிப்பவரின் முழங்காலோடு போய்விடும். அவருக்குக் கேட்காது, திருகிக் கூட்டுவார், முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார். நாற்காலி மேல் ஏற்றி, வாசிப்பவரின் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். யாரும் சொல்லாமலே அவரே குறைத்துக்கொள்வார். இந்த அளவுக் கூடத்துக்கு 15 வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிஃபயர் தாராளம்.

பறையையோ ஜமாப்பையோ சேர்த்துக்கொள்ளும் குழு என்றால் அவற்றுக்கு மைக்கே வேண்டாம். சாரல் அடிக்கிற நாளில் பறைத்தோல் தளர்ந்துவிடும். கூடத்துக்குள் தீ மூட்டவும் முடியாது. வெளியே காய்ச்சிக்கொண்டு வந்த கையோடு, அந்தப் பாட்டுகளை முதலில் வாசித்துவிடுவது நல்லது.

நம் கஃபேக்களில் மூன்று பக்கம் கண்ணாடி, கீழே டைல்ஸ். கைதட்டினால் சிதறித் திரும்பும். இதற்குப் பவானி ஜமக்காளம் நன்றாகவே உதவும். ஒன்றை டிரம்ஸுக்கு அடியில் விரித்தால் கிக் டிரம் மிதிக்க மிதிக்க முன்னால் நகராது. மற்றவற்றை மேடைக்கு எதிர்ச்சுவரில், கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாண் விட்டு, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட வேண்டும். கண்ணாடியோடு ஒட்டித் தட்டையாகக் கட்டினால் பயனில்லை. இப்படிக் கட்டினாலும் டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சிலிர்ப்பையும் குரலின் கீச்சலையும்தான் துணி பிடிக்கும். பாஸ் என்கிற அடித்தொனி அதற்கு அடங்காது. அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகிற ‘தும் தும்’ அந்த பாஸ்தான். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் அது இன்னும் பெருகும். மூலையை விட்டு நகர்த்துங்கள். பாஸுக்கென்றே உள்ள சப் ஊஃபர் ஸ்பீக்கரை வண்டியை விட்டே இறக்காதீர்கள்.

மைக் ‘கூய்’ என்று அலறினால் எல்லோரும் சவுண்ட்காரரை முறைக்கிறோம். பல நேரம் பாடுபவர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தியிருப்பார். ஷ்யூர் எஸ்எம்58 மாதிரியான மைக் முன்னால் வரும் ஒலியை வாங்கி, பின்னால் வருவதைப் பெரும்பாலும் விலக்கும்படி அமைந்தது. பின்பக்கத்து வழியை அடைத்தால் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கி, ஸ்பீக்கரில் வந்ததையே மறுபடி வாங்கும். இடமில்லை என்று ஸ்பீக்கரைப் பாடுபவருக்குப் பின்னால் நிறுத்தினாலும் இதே கதி. இரண்டு ஸ்பீக்கரும் மைக்குக்கு முன்னால், ஆள் தலைக்கு மேல் உயரத்தில் நிற்கட்டும். சவுண்ட் செக்கில் குரலை முதலில் வைத்து, அது அலறும் எல்லையைக் கண்டு, கொஞ்சம் கீழே இறக்கி நிறுத்தி, மற்ற வாத்தியங்களை அதற்குள் அடக்குவதே முறை. இப்போது நடப்பது தலைகீழ்: கிக் டிரம்முக்கு ஒரு மணி நேரம், குரலுக்கு ஐந்து நிமிஷம்.

இன்னொரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று ஓயாமல் ஒரு இரைச்சல் வரும். எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் மிக்சர் ஒரு பிளக்கிலும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கூடத்தின் மறுகோடியில் இன்னொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால் இது வரும். உடனே யாராவது பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் நிற்கும், கூடவே பாதுகாப்பும் போகும். அந்த ஆம்ப்ளிஃபயருக்குள் கரண்ட் கசிந்தால் அது கிட்டார் கம்பிக்கு வந்து காத்திருக்கும். இடது கை கம்பியில் இருக்க, உதடு எர்த் ஆன மைக்கில் பட்டால் மின்சாரம் போகும் பாதை பாடுபவரின் உடம்புதான். செய்ய வேண்டியது, எல்லாக் கருவிக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுப்பது. அப்படியும் இரைச்சல் வந்தால் வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் இருக்கும் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைத் தட்டலாம். அது ஒலி வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மின் எர்த்தைத் தொடாது. நிகழ்ச்சிக்கு முன்னால் மல்டிமீட்டர் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகவில்லையா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத இடத்தில் வாசிக்கவே ஒத்துக்கொள்ளக் கூடாது.

மொட்டை மாடி வேறு கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் மைக் ஸ்டாண்டையே சாய்க்கும். மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் காற்று ‘புஸ் புஸ்’ என்று பாட்டை மூடும். காற்று போகிற திசையில் இருக்கும் வீடுகளுக்குச் சத்தம் கூடுதலாகப் போகும். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பொதுவாகக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபல்வரைதான் போகலாம். மூடிய கூடத்துக்கு இரவு நேர விலக்கு உண்டு. எல்லைச் சுவர்க் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. புகார் எழுதுகிற வாசகர்கள் இந்த எண்களைக் குறிப்பிட்டு எழுதினால் கடிதத்துக்கு இன்னும் பலம் வரும்.

பார்க்க வருபவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் காதை அடைக்கும். சுவரில் சாய்ந்தால் பாஸ் பெருகும். மேடையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் தள்ளி, மிக்சரை ஒட்டி நடுவில் நில்லுங்கள். சவுண்ட்காரர் கேட்பதே உங்களுக்கும் கேட்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்சவரம்பும், 15 நிமிஷச் சராசரியாக 100 டெசிபல். மில் தொழிலாளருக்காகப் பாதுகாப்புச் சாமான் கடைகளில் விற்கும் நுரை இயர் பிளக்கே போதும். விரலில் மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். ஓட்டை வாயில் சும்மா செருகினால் விழுந்துவிடும். நுரை பிளக் கீச்சொலியை அதிகம் வெட்டும், வரிகள் கொஞ்சம் மங்கும். அடிக்கடி போகிறவர்கள் எல்லா ஒலியையும் சமமாக 15-20 டெசிபல் குறைக்கும் ஃபில்டர் வகையை வாங்கலாம். குழந்தைகளுக்குக் காதை மூடும் இயர் மஃப்தான் சரி.

நடத்துபவர்கள் நாளையும் பார்த்து வைக்க வேண்டும். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் நல்ல மைக் செட்டும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பதுதான் கஃபேக்கு வரும். புரட்டாசியும் மார்கழியும் தோது. அப்புறம் நம் ஊர்க்காரர்களின் "ஏனுங்க, ஓசி பாஸ் கிடைக்குமா?". எண்பது பேர் பிடிக்கும் கூடத்தில் தலைக்கு 300 ரூபாய் என்றால் நிறைந்தாலே 24,000. முப்பது பேர் பாஸில் வந்தால் 15,000. அதில் மைக் செட் வாடகை, வண்டி, சாப்பாடு போக ஐந்து பேர் பங்கிட வேண்டும். அந்தக் குழு அடுத்த முறை இந்தப் பக்கம் வருமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இந்த நிகழ்ச்சிகளையும் சேருங்கள். தொடங்கும் நேரத்தோடு கட்டணத்தையும் முடியும் நேரத்தையும் போடுங்கள். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் என்று அச்சில் வந்துவிட்டால் நடத்துபவர்கள் எட்டு மணிக்கு வயர் இழுத்துக்கொண்டிருக்க முடியாது; பொள்ளாச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருபவர்கள் பஸ்ஸைக் கணக்குப் பண்ணிக் கிளம்பலாம்.

இப்படிக்கு,
ஒலியமைப்பாளர் ஒருவர்,
பீளமேடு, கோவை.