டிக்டேஷன் நோட்டு விஷயமாகப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஓணத்தை ஒட்டி நடந்த முதல் பருவப் பரீட்சை பேப்பரைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வீட்டில் கேட்டால் சரியாகச் சொல்கிற பிள்ளை, இங்கிலீஷ் பேப்பரில் மட்டும் ஏன் வேறு எதையோ எழுதி வைக்கிறது? கவனமில்லை என்று முடிவு கட்டி இம்போசிஷன் எழுத வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள், ஏனென்றால் இந்தத் தப்புகளில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

முதல் வகை, நிஜமாகவே ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள். 'வீக்' என்று ஒருவர் சொல்லி எழுதச் சொன்னால் அது வாரமா, பலவீனமா? லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் தெரியாது, அவர்கள் வாயிலும் இரண்டும் ஒன்றுதான். இரண்டு இ போட்டால் வாரம், இ-யும் ஏ-யும் போட்டால் பலவீனம். வெயிட் என்றால் காத்திருப்பதும் ஆகும், எடையும் ஆகும். ஹோல் என்பது ஓட்டையா முழுசா என்பதை டபிள்யூதான் சொல்லும். லீவ் லெட்டரில் ரெண்டு நாள் என்று எழுத வேண்டிய இடத்தில் 'டூ'வுக்கு இரண்டு ஓ போட்டுவிட்டால் அது எண் இல்லை, 'கூட' அல்லது 'அளவுக்கு மேல்' என்று பொருள் மாறிவிடும். போனில் தட்டினாலும் பல நேரம் சிவப்புக் கோடு வராது, எழுதிய சொல் சரியான சொல்தான், இடம்தான் தப்பு.

உச்சரிக்காத எழுத்தை எதற்கு எழுத வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அடக்காதீர்கள். போர்வீரன் என்ற பொருளில் வருகிற 'நைட்'டில் முன்னால் இருக்கும் கே-யையும் நடுவில் வரும் ஜி-எச்சையும் ஒரு காலத்தில் வாய்விட்டு உச்சரித்தார்கள். இறைச்சியைக் குறிக்கும் 'மீட்'டும் சந்திப்பைக் குறிக்கும் 'மீட்'டும் அப்போது வேறு வேறு ஒலி. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டு வந்தார், அதன்பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுப் போனது, ஆனால் வாயில் இருந்த ஒலி அதற்கப்புறமும் பல தலைமுறைக்கு மாறிக்கொண்டே இருந்தது. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. இதைச் சொன்னால் பிள்ளைகள் அந்த கே-யை மறப்பதில்லை.

இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை. இங்கிலீஷில் இவை வேறு வேறு ஒலி, நம் நோட்டில்தான் ஒன்றாகிவிடுகின்றன. மனப்பாடத்துக்கு வசதி என்று இங்கிலீஷ் சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறார்கள், சில கைடுகளும் அப்படித்தான் அச்சடிக்கின்றன. 'கோட்' என்று எழுதிவிட்டால் அது மாட்டிக்கொள்கிற கோட்டா, ஆடா, கம்ப்யூட்டர் கோடா? மூன்றும் அங்கே ஒரே எழுத்து. தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

இதில் கேரள எல்லைக்குள் தமிழ் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. பொள்ளாச்சியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான், நம் பிள்ளைக்கு மலையாள எழுத்தும் தெரியும். ஆட்டுக்கு வருகிற முதல் ஒலிக்கும் கோட்டுக்கு வருகிற முதல் ஒலிக்கும் மலையாளத்தில் தனித்தனி எழுத்து உண்டு, முதுகைச் சொல்லும் 'பேக்'கையும் பையைச் சொல்லும் 'பேக்'கையும் அது பிரித்துக் காட்டிவிடும். குறிப்பு எழுதியே ஆக வேண்டும் என்றால் இந்தச் சொற்களுக்கு மலையாளத்தில் எழுதட்டும், நான் தடுக்க மாட்டேன். வசிப்பதற்கான 'லிவ்', கிளம்பிப் போவதற்கான 'லீவ்', கப்பலைச் சொல்லும் 'ஷிப்', செம்மறி ஆட்டைச் சொல்லும் 'ஷீப்', இதற்கெல்லாம் நம் குறிலும் நெடிலுமே போதும். கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன் என்று எழுத நினைத்த பிள்ளை நெடிலை இழுத்துவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்புகிறேன் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. தின்பண்டமான ஸ்நாக்ஸுக்கும் பாம்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் இரண்டு எழுத்துமே முழுசாக உதவாது, காதால் பலமுறை கேட்டுத்தான் பழக வேண்டும். உள்பனியனைச் சொல்லும் 'வெஸ்ட்'டுக்கும் மேற்கைச் சொல்லும் 'வெஸ்ட்'டுக்கும் அப்படித்தான். முதலாவதற்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும், இரண்டாவதற்கு உதடு குவிய வேண்டும், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

இனி நம் பள்ளியில் டிக்டேஷனுக்குத் தனிச் சொல் கொடுக்கப் போவதில்லை. சொல், அது வருகிற ஒரு வாக்கியம், மறுபடி சொல், இந்த வரிசையில்தான் டீச்சர்கள் சொல்வார்கள். வாக்கியம் சொல்லாமல் 'வீக்' என்று மட்டும் சொல்லி, பிள்ளை எழுதியது தப்பு என்று மார்க் குறைப்பது நியாயமே இல்லை. அப்புறம், குழப்பும் ஜோடியை ஒரே நாளில் சேர்த்துச் சொல்லித்தர வேண்டாம் என்றும் முடிவு செய்திருக்கிறோம். ஒன்று நன்றாகப் படிந்த பிறகுதான் மற்றது, இல்லையென்றால் எது எது என்ற சந்தேகம் மட்டும்தான் மனசில் நிற்கும்.

எனக்கு இங்கிலீஷ் வராதே, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன் என்று தோட்ட வேலைக்குப் போகிற அம்மாமார் சிலர் கேட்டீர்கள். இங்கிலீஷ் வர வேண்டாம். நோட்டைத் திறந்து ஒரு சொல்லைக் காட்டி, "இது எந்த வீக் கண்ணு? இத வெச்சு ஒண்ணு சொல்லு, தமிழ்லயும் அர்த்தம் சொல்லு" என்று கேளுங்கள், அது போதும். கேட்பது என்ற பொருளில் வரும் 'ஹியர்' சொல்லுக்குள்ளேயே காதைக் குறிக்கும் இ, ஏ, ஆர் ஒளிந்திருக்கிறது. 'அங்கே' என்று வரும் 'தேர்' சொல்லுக்குள் 'இங்கே' என்பதன் நாலு எழுத்தும் அப்படியே இருக்கிறது, எடை என்று வரும் வெயிட்டுக்குள் எட்டு இருக்கிறது. இப்படிப்பட்டவற்றைப் பிள்ளையே தேடிக் கண்டுபிடித்து உங்களுக்குக் காட்டட்டும்.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துக்கு வரும்போது டிக்டேஷன் நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள், எந்தத் தப்பு எந்த வகை என்று டீச்சர்கள் உட்கார்ந்து பிரித்துக் காட்டுவார்கள். அன்றைக்கு வேலையை விட முடியாதவர்கள் பிள்ளையைக் கூட்டிப் போக வருகிற ஏதாவதொரு சாயங்காலம் வந்தாலும் சரி, சொல்லிவிட்டு வர வேண்டும் என்றில்லை, நான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்