புது இ.எம்.ஜி. அறைக்கு

மதுரை

அன்புள்ள சேகருக்கு,

உசிலம்பட்டிக்கு நரம்பையும் தசையையும் சோதிக்கும் இ.எம்.ஜி. கருவி வந்துவிட்டது என்று உன் கடிதத்தில் படித்ததும் மனசு நிறைந்தது. கால் தொங்கிப்போனவர்கள் இனி ஆரப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டே வர வேண்டாம்.

வருகிற கை எல்லாம் கார்ப்பல் டன்னல் (மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவது) என்றே ரிப்போர்ட் வருகிறது என்கிறாயே, முதலில் ஏசியைச் சந்தேகப்படு. தோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் நரம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும், லேட்டன்சி, அதாவது தூண்டியதிலிருந்து அலை எழும்வரை ஆகும் நேரம், 0.2 மில்லிநொடி நீளும். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஏசியில் காத்திருந்தவர் கை 28, 29 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். 32-க்குக் கீழே இருந்தால் வெந்நீரில் வைத்துச் சூடாக்கு. கணக்குப் போட்டுத் திருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்தது மோதிர விரல். விரலில் அலையைப் பதியும் ரிங் எலக்ட்ரோடு மாட்டி, மணிக்கட்டில் 14 செ.மீ. அளந்து மீடியனைத் தூண்டு. அதே 14 செ.மீ.யில் சுண்டுவிரல் பக்கத்து நரம்பான அல்நரையும். மீடியன் 0.5 மில்லிநொடிக்கு மேல் பிந்தினால் கார்ப்பல் டன்னல் என்று தைரியமாக எழுதலாம். குளிர் இரண்டையும் சேர்த்தே மெதுவாக்கும், அதனால் இந்த ஒப்பீடு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. சுங்குடி முடிச்சுப் போடுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் கை மரத்து வந்தால் இதில் ஆரம்பி. அல்நரும் மெதுவாக இருந்தால் சர்க்கரை பார். முழங்கைக்கு மேல் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார். தொழுநோயை நாம் மறக்கவே கூடாது.

திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஓடினால் பெரும்பாலும் தோலில் எண்ணெய். சோப்புப் போட்டுக் கழுவச் சொல். கிரவுண்ட் எலக்ட்ரோடு, தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவே இருக்கட்டும்.

குத்தவைத்துக் களையெடுத்து எழுந்ததும் பாதம் தொங்கிவிட்டது என்று வருபவருக்கு மறுநாளே தசையில் இ.எம்.ஜி. ஊசி செருகாதே. நரம்பிழை செத்திருந்தாலும் ஃபிப்ரிலேஷன் (நரம்பிழந்த தசை தானாகத் துடிக்கும் அலை) தெரிய 2, 3 வாரம் ஆகும். அதற்குள் எடுத்து ‘நார்மல்’ என்று எழுதினால் அவர் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கண்டக்ஷனுக்கும் ஒரு வாரம் பொறு: அறுந்த இழைகூட முதல் சில நாள் கீழ்ப்பகுதியில் சிக்னலைக் கடத்தும். வாரம் கழித்தும் முழங்காலுக்கு வெளிப்புறம் இருக்கும் ஃபிபுலா எலும்பின் தலைக்குக் கீழே தூண்டினால் அலை நன்றாக எழுந்து, மேலே தூண்டும்போது சரிந்தால், இழைகள் உயிரோடு இருக்கின்றன, பெரும்பாலும் தேறிவிடும். வீட்டார் கேட்க ஏங்குவது இதைத்தான்.

ஊசி வைக்கும்போது பாதத்தைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசையோடு நிறுத்திவிடாதே, பாதத்தை உள்ளே திருப்பும் டிபியாலிஸ் போஸ்டீரியரையும் பார். அதுவும் கெட்டிருந்தால் கோளாறு முழங்காலில் இல்லை. இடுப்பில் கிளம்பும் எல்5 நரம்பு வேரிலோ தொடைக்குப் பின்னால் ஓடும் சயாட்டிக் நரம்பிலோ தேட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஊசிக்கு முன் கேட்டுவிடு.

சந்தேகமான கேஸ் வந்தால் அலைகளையே படமெடுத்து அனுப்பு. எண்களை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது.

அன்புடன்,
வேலு