எங்கள் வழக்கத்தைப் படித்து சார்ஜ் ஏற்றும் ஸ்கூட்டரைக் கொடுங்கள்

மின்ஸ்கூட்டர் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். ஓசூர் உள்ளிட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ராணிப்பேட்டையிலும் உள்ள ஆலைகளில் உருவாகும் மின்ஸ்கூட்டர்கள் எங்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. அவற்றில் ஒன்றை ஓட்டுபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பிளக்கைச் செருகிய நொடியில் தொடங்கி 100 சதவீதம் வரை ஒரே மூச்சில் ஏற்றி முடிக்கும் முறையை மாற்றுங்கள். உரிமையாளர் இதுவரை எப்போது செருகினார், எப்போது கழற்றினார், எப்போது வண்டியைக் கிளப்பினார் என்ற பதிவைப் பார்த்து, எப்போது எவ்வளவு ஏற்றலாம் என்பதை வண்டியே முடிவு செய்யட்டும்.

ஒரு பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 அல்லது 25 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 3 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியில் அது ஏறக்குறைய கால் பங்கு. வீட்டுச் சார்ஜரில் அதை மீண்டும் நிரப்ப ஒன்றரை மணி நேரம் போதும். மாலை 7 மணிக்குச் செருகினால் எட்டரைக்கு முடிந்துவிடும். மறுநாள் காலை 8 மணிக்கு அவர் புறப்படும்வரை பேட்டரி நிரம்பிய நிலையிலேயே கிடக்கிறது. இது ஒருநாள் கதையல்ல, ஆண்டு முழுவதும் நடப்பது.

லித்தியம் அயனி பேட்டரிக்கு ஓடாமல் இருப்பதும் வயதுதான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த செல் நிரம்பும்போது 4.2 வோல்ட்டைத் தொடுகிறது. அந்த உயரத்தில், செல்லுக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட் திரவம் சிதையும் வேகம் கூடுகிறது. கிராஃபைட் முனையில் படியும் படலமும் தடிக்கிறது. சேமிக்கும் திறன் மெல்ல மெல்லக் குறைகிறது. வெப்பம் சேர்ந்தால் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாகிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரையின் கீழ் நிற்கும் வண்டியின் பேட்டரி, நிரம்பியும் சூடேறியும் ஒருசேரக் கிடக்கிறது. வெயிலில் ஓட்டி வந்த உடனே செருகினால் அந்தச் சூட்டின் மேலேயே சார்ஜும் ஏறுகிறது. இந்த மனிதர் காலை வரை வண்டியை எடுக்க மாட்டார் என்று தெரிந்தால், இரண்டு மணி நேரம் ஆறவிட்டு ஏற்றத் தொடங்கலாம் அல்லவா? அந்தத் தகவல் வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

இது கைக்கெட்டாத தொழில்நுட்பமும் இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2019இல் ஐ.ஓ.எஸ். 13 பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. இரவில் செருகிய ஐபோன் 80 சதவீதத்தில் காத்திருந்து, உரிமையாளர் வழக்கமாக எடுக்கும் நேரத்துக்குச் சற்று முன் மீதியை நிரப்பிக்கொள்கிறது. மின்கார்கள் பலவற்றில் சார்ஜ் வரம்பையும் புறப்படும் நேரத்தையும் ஓட்டுநரே குறித்துவைக்கலாம். போனுக்கும் காருக்கும் கிடைத்த அக்கறை, ஒரு குடும்பம் தவணை கட்டி வாங்கும் ஸ்கூட்டருக்கும் வேண்டும். மாற்றுப் பேட்டரியின் விலையைக் கேட்டதும் வண்டியையே விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்கள் என் பகுதியிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் போனில் இருப்பதை அப்படியே பெயர்த்து வண்டியில் வைத்தால் சரிவராது. இந்த இடத்தில்தான் உங்கள் கவனம் முழுவதும் தேவைப்படுகிறது.

2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதன்பின், மின் இருசக்கர வாகனப் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. விதிகள் மாறினாலும் வீடுகளில் பயம் போகவில்லை. மாலையில் செருகி, தூங்கப் போகுமுன் கழற்றிவிடும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட வீட்டில், விடிகாலை வரை பிளக்கிலேயே இருக்கும் என்று நம்பி 80 சதவீதத்தில் காத்திருக்கும் வண்டி, பத்து மணிக்குப் பிளக் கழற்றப்பட்டதும் மீதி ஏறாமலே நின்றுவிடும். ஆகவே கழற்றும் நேரம் வேறு, புறப்படும் நேரம் வேறு என்று மென்பொருள் பிரித்து அறிய வேண்டும். இரவு பத்து மணிக்குக் கழற்றும் வழக்கமுள்ள வீட்டில் பத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அங்கே நிரம்பிய நிலையில் கிடப்பதைத் தவிர்க்க ஒரு வழிதான் உண்டு: அன்றாடத் தேவைக்கு 80 அல்லது 85 சதவீதமே போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொண்டு, ஏன் நிறுத்தியது என்பதைத் திரையில் தெளிவாகச் சொல்வது.

அடுத்தது, சராசரி. மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போகும் வியாபாரி பெரும்பாலான நாட்களில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்புவார். முகூர்த்த நாளில் இரண்டரைக்கே கிளம்பிவிடுவார். மருத்துவமனைச் செவிலியரின் பணிநேரம் வாரத்துக்கு வாரம் மாறும். இவர்களின் புறப்படும் நேரங்களைக் கூட்டி வகுத்து ஒரு நேரத்தைக் கண்டுபிடித்தால், அந்த விடை பல நாட்களில் ஆளை நடுத்தெருவில் நிறுத்திவிடும். பேட்டரி சில மணி நேரம் கூடுதலாக நிரம்பிக் கிடப்பதால் வரும் இழப்பு சிறியது. மல்லிகை விலை ஏறுமுன் சந்தைக்குப் போக முடியாமல் ஒருவர் நிற்பது பெரிய இழப்பு. எனவே அவர் இதுவரை புறப்பட்டவற்றில் மிக முந்திய நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள். ஒழுங்கு எதுவும் பிடிபடவில்லையா? பழையபடி உடனே முழுவதும் ஏற்றிவிடுங்கள். சந்தேகத்தின் பலன் ஓட்டுபவருக்குப் போகட்டும்.

மின்தடையையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பிளக் செருகியிருக்கும்போதே மின்சாரம் போய் வருவது வண்டிக்குத் தெரியும். ஒரு வீட்டில் அடிக்கடி மின்சாரம் போகிறது என்றால், கடைசி நேரத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று அங்கே காத்திருக்கக் கூடாது. அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் ஒரே பிளக்கை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். அங்கேயும் காத்திருப்பு உதவாது. வீட்டு வழக்கம் தனி, அலுவலக வழக்கம் தனி என்று இடத்துக்கு இடம் பிரித்துப் பழகட்டும்.

“இப்போதே நிரப்பு” என்ற பொத்தான் ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும். செயலிக்குள் நான்கு பக்கம் தாண்டிப் போய்த் தேடும்படி வைக்காதீர்கள். என் தாயார் வயதில் உள்ளவர்களும் இந்த வண்டிகளை ஓட்டுகிறார்கள்.

மின்வாரியத்துக்கும் இதில் நன்மை உண்டு. ஊர் முழுக்க விளக்கும் ஏ.சி.யும் ஓடும் மாலை உச்சநேரத்தில்தான் வேலை முடிந்து வந்தவர்கள் வண்டியையும் செருகுகிறார்கள். ஒன்றிய அரசு 2023இல் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், விவசாயம் தவிர்த்த பிற நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் முதல் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வர வேண்டும் என்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளில் அது நடைமுறைக்கு வரும்போது, மாலைச் சுமையைத் தானே தள்ளிவைக்கத் தெரிந்த வண்டி பணத்தையும் மிச்சப்படுத்தும். பிரிட்டனில் வீட்டுச் சார்ஜர்களுக்கான விதி 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ளது. புதிய சார்ஜர் உச்சநேரத்தைத் தவிர்க்கும்படி அமைக்கப்பட்டே விற்கப்பட வேண்டும். உரிமையாளர் விரும்பினால் அதை மாற்றிக்கொள்ளலாம். எல்லாச் சார்ஜர்களும் ஒரே நொடியில் தொடங்கி மின்கட்டமைப்பைத் திணறடிக்காமல் இருக்க, சார்ஜருக்குச் சார்ஜர் மாறுபடும்படி பத்து நிமிடம் வரையிலான தாமதத்தையும் அந்த விதி சேர்த்திருக்கிறது. ஒரே மென்பொருளை லட்சக்கணக்கான வண்டிகளுக்கு அனுப்பப்போகும் நீங்கள் இந்தத் தாமதத்தை மறந்துவிடக் கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கொண்ட வண்டிகளுக்குக் கணக்கு சற்று மாறும். அவற்றின் மின்னழுத்தம் பெரும்பாலான அளவுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், மீதி எவ்வளவு என்பதைச் சரியாகக் கணிக்க அவ்வப்போது முழுவதும் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதையும் பழகிய நேரத்தை ஒட்டியே செய்யலாம்.

இனி, நான் மிகவும் அஞ்சும் விஷயம். ஒரு குடும்பம் எப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறது, எந்த இரவு வீடு திரும்பவில்லை என்பதெல்லாம் சார்ஜ் பதிவில் தெரிந்துவிடும். இந்தப் பதிவு வண்டியை விட்டு வெளியே போகவே தேவையில்லை. சில வாரங்களின் செருகிய, கழற்றிய, புறப்பட்ட நேரங்கள் ஒரு சிறிய நினைவகத்தில் அடங்கிவிடும். கணக்கையும் வண்டியிலுள்ள கணினியே போடும். உங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். மறுத்தவருக்கும் இந்த வசதி வேலை செய்ய வேண்டும். வண்டி கைமாறும்போது பழைய உரிமையாளரின் வழக்கம் முழுவதும் அழிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கோ கடன் கொடுத்தவருக்கோ இது போய்ச் சேராது என்று எழுத்தில் கொடுங்கள். பேட்டரி உத்தரவாதத்தை மறுக்க இந்தப் பதிவை ஆதாரமாகக் காட்ட மாட்டோம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

சில நிறுவனங்கள் இப்போது 8 ஆண்டு, 80,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு உத்தரவாதம் தருகின்றன. அந்தக் காலம் முழுவதும் பேட்டரி தேயாமல் இருப்பது உங்கள் கணக்கேட்டுக்கும் நல்லது. புதிய வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இணையம் வழியாக மென்பொருள் மேம்படுத்தல் பெறும் வண்டிகள் ஏற்கெனவே சாலையில் இருக்கின்றன. கோடை தொடங்குமுன், விருப்பமுள்ள பயனாளர்களின் வண்டிகளில் இதைச் சோதனைக்கு விடுங்கள். என்ன பதிவாகிறது, எதை வைத்து எப்போது நிறுத்துகிறது என்பதைத் தமிழில் ஒரு பக்க விளக்கமாக அதோடு சேர்த்துக் கொடுங்கள். சோதனைக்கு என் வண்டியைத் தர நான் தயார்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு மின்ஸ்கூட்டர் பயனாளர்