லேப்டாப் தூங்குனா கனவு வருமா

அம்மாடி,

நேத்து வீடியோ கால்ல குட்டி கேட்டாளே, "பாட்டி, லேப்டாப்பும் தூங்குதுல்ல, அதுக்குக் கனவு வருமா"ன்னு. நீ அவசரத்துல "மெஷினுக்கு எப்படிடி கனவு வரும், போய் பல்லு வெளக்கு"ன்னு சொல்லிட்டே. சொன்னது தப்பில்ல, ஆனா அவ முகம் சுருங்கிப்போச்சு, ராத்திரி பூரா எனக்கு அதே நெனப்பு.

ஸ்லீப்ல போட்டா ஸ்க்ரீன் அணைஞ்சு சில லேப்டாப்ல ஓரத்துல ஒரு லைட்டு மட்டும் மூச்சு விடுற மாதிரி மினுங்கும், அதப் பாத்தா தூங்குதுன்னுதான தோணும். அதனால அதுலேருந்தே ஆரம்பி. அந்த நேரத்துல அது அனேகமா ஒண்ணும் செய்யாது, பாதில விட்ட வேலை அழிஞ்சிடாம மெமரிக்குக் கொஞ்சூண்டு கரண்ட் போயிட்டிருக்கும், அவ்ளோதான். நம்ம தூக்கம் அப்படி இல்ல. 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கி, கிளைட்மன்னு ரெண்டு பேரு, தூங்குறவங்க கண்ணு சில நேரம் மூடின இமைக்குள்ள விறுவிறுன்னு ஓடுதுன்னு எழுதுனாங்க, அப்போ எழுப்பிக் கேட்டா நெறைய பேரு கனவு கண்டேன்னு சொல்லிருக்காங்க. இத அவகிட்ட வாயால சொல்லாத, தம்பிப்பய தூங்குறப்போ பக்கத்துல உக்கார வச்சு அவன் இமைய மட்டும் பாக்கச் சொல்லு, உள்ள கோலிகுண்டு உருளுற மாதிரி தெரியும்.

அப்புறம், கனவு மாதிரி சில வேலை கம்ப்யூட்டரும் செய்யுதுன்னு மறைக்காம சொல்லிடு. எலி பகல்ல ஓடுன பாதைய அதோட மூளை தூக்கத்துல திரும்ப ஓட்டிப் பாக்குதுன்னு 2001ல அமெரிக்காவுல எம்ஐடிங்கிற பல்கலைக்கழகத்துல காட்டுனாங்க, வீடியோ கேம் ஆடக் கத்துக்குற சில புரோகிராமும் ஆடுன ஆட்டத்தச் சேத்து வச்சு திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்குது. 2015ல கூகுள்ல டீப்ட்ரீம்னு படம் வரையுற ஒரு புரோகிராம் விட்டாங்க, மேகத்த காட்டுனா நாய் மூஞ்சியா வரைஞ்சு தள்ளும், ஏன்னா அதுக்குப் படிக்கக் குடுத்த படத்துல அத்தன நாய் இருந்துச்சு. லேசா நாய் மாதிரி தெரியுற எடத்த இன்னும் அழுத்து இன்னும் அழுத்துன்னு கணக்கு போட்டுட்டே போகும். குட்டி மேகத்துல யானை பாப்பாளே, அவளுக்கு இது சட்டுன்னு புரிஞ்சிடும். ஆனா யானையப் பாத்தா அவ குதிக்கிறா, அந்தப் புரோகிராம்ல குதிக்க ஆள் யாரும் இல்ல. பேரு ட்ரீம்னு வச்சதால அது கனவாயிடாது, பயந்து முழிச்சுக்க உள்ள ஒருத்தர் வேணும், இப்போ இருக்கிற மெஷின்ல அப்படி யாரும் இருக்கறதா நான் நம்பல. இத அவகிட்ட சொல்லிட்டு, நேத்து உனக்கு என்னடி கனவு வந்துச்சுன்னு கேளு, முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காத.

நீ ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறப்போ ஒரு ராத்திரி வேர்த்து விறுவிறுத்து வந்து என் கையப் புடிச்சு, "அம்மா படிக்கட்டு முடியவே இல்ல, மேல ஒருத்தர் நிக்கிறாங்க"ன்னே. கனவுதான் படுன்னு தட்டிக் குடுத்துத் தூங்க வச்சிட்டேன். மேல நின்னது யாருன்னு அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. ஞாபகம் இருந்தா எழுதுடி.

அம்மா