போத்தோங் என்றால் இரண்டு அர்த்தம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கடைப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தையல் கடை, முதல் மாடி, வாடகை குறைவு என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அந்தப் படிக்கட்டு இருக்கிற செங்குத்துக்கு வாடகை குறைவாகத்தான் இருக்கும். ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை கீழே நின்று பார். பக்கத்து மாடிக் கடைகளுக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணு. கேஎல் சென்ட்ரல் பக்கம் ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஆபீஸ் ஆட்கள்தான் உனக்குக் கால்சட்டை மடிக்கக் கொடுக்கப்போகிறவர்கள். அவர்களுக்கு முழங்காலைவிட நேரம்தான் முக்கியம். பிளவுஸ் தைக்க வருகிற அம்மாமார்களுக்கு முழங்கால்தான் முக்கியம்.

சரி, நீ கேட்டது வேறு. "கேண்டனீஸ் கத்துக்கணுமாம்மா? தமிழும் மலாயும் இங்கிலீஷும் வச்சிக்கிட்டு கேஎல்ல கடை போட்டா போதுமா?"

கற்றுக்கொள், கேஎல் சீனர்கள் நிறையப் பேர் பேசுகிற மொழி, நல்லதுதான். எனக்குத் தெரிந்த கேண்டனீஸ் பத்து வரை எண்ணுவதும், "கெய் தோ சீன்" என்று விலை கேட்டால் புரிந்துகொள்வதும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் என் தையல் கடையை இருபத்திரண்டு வருடம் ஓட்டினேன். நாலுக்கு "ஸெய்" என்பார்கள். கொஞ்சம் குரல் மாறினால் அதுவே சாவு. அதனால்தான் உன் ஆபீஸ் லிஃப்டில் 4 இல்லாமல் 3ஏ இருக்கிறது. தெரியாத மொழியால் எனக்கு ஒரு காசு நஷ்டம் வந்ததில்லை. தெரியாதென்று தெரிந்ததால் கவனமாக இருந்தேன். எனக்கு நஷ்டம் வந்ததெல்லாம் நன்றாகத் தெரிந்த மலாயில்தான்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. அப்போது உனக்கு நாலு வயது, மேசைக்கு அடியில் துண்டுத் துணிகளோடு விளையாடிக்கொண்டிருந்தாய். நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும். மலாய்ப் பெண்கள் போடுகிற பாஜு கூரோங் கூரை வரைக்கும் தொங்குகிறது, ஓவர்லாக் மெஷின் ஒரு பக்கம் கத்துகிறது. சீனர் அங்கிள் ஒருவர் இரண்டு கால்சட்டை கொண்டுவந்தார். கால் நீளம் சொன்னார், எழுதிக்கொண்டேன். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், என்றேன். போகிறபோது வாசலில் திரும்பி, "போத்தோங் சிக்கிட் லா, அமோய்" என்றார். நான் தலையாட்டினேன்.

போத்தோங் என்றால் வெட்டு, சிக்கிட் என்றால் கொஞ்சம். தையல்காரிக்கு அது வேறு எப்படிக் கேட்கும்? இன்னும் கொஞ்சம் குட்டையாக வேண்டுமாம் என்று நினைத்து, எழுதியிருந்த அளவிலிருந்து இன்னும் ஒன்றரை இஞ்ச் எடுத்துவிட்டேன். உள் மடிப்புக்குக்கூடத் துணி விடவில்லை. அந்த மனிதர் கேட்டது விலையில் வெட்டு. எட்டு வெள்ளிக்குக் கொடு என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். மறுநாள் போட்டுப் பார்த்தால் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. அவர் சத்தம்கூடப் போடவில்லை. "அமோய், நீதானே தலையாட்டினாய்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு கால்சட்டைக்கும் காசு கொடுத்தேன். அந்த வாரம் நான் ராத்திரி முழித்துத் தைத்ததெல்லாம் அதற்கே போனது.

அன்றைக்குப் பிறகு வாயால் சொன்ன அளவை நான் எடுத்ததே இல்லை. போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். கண்ணாடி முன் நிறுத்தி, துணியை மடித்துக் குண்டூசி குத்துவேன். குனிந்து பார்க்க விடாதே, குனிந்தால் கால்சட்டை ஏறும், அளவு மாறும். நிமிர்ந்து கண்ணாடியில் பார்க்கச் சொல். அவர்கள் "ஓகே" என்ற பிறகு குண்டூசிக்குப் பக்கத்தில் சாக்பீஸ் கோடு போடு. பில் புத்தகத்தில் ஒரு கால்சட்டைப் படம் கிறுக்கி, அம்புக்குறி போட்டு இஞ்ச் எழுது. கீழே விலையைப் பெரிதாக எழுதி, புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டு. பேனாவை அவர்கள் கையில் கொடுத்து ஒரு டிக் போட வை. வங்காளதேசத் தம்பிகள், நேப்பாளத்துக்காரர்கள், பஞ்சாபிப் பாட்டி ஒருவர், எல்லோருக்கும் அந்தக் கிறுக்கல் படம் புரிந்தது. லொங்கார், கெத்தாட் என்று தொளதொளப்பும் இறுக்கமும் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

தலையாட்டுகிற வியாதி எனக்குக் கடை வீட்டுக்காரரிடமும் இருந்தது. இங்கிலீஷில் இருபது பக்க வாடகை ஒப்பந்தம் நீட்டினார். புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். காலி பண்ணும்போது கடையை எடுத்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருந்திருக்கிறது. நான் டிரையல் ரூமுக்கு அடித்த பலகைச் சுவரைப் பிரிக்க ஆள் கூலி, சிமெண்ட், பெயிண்ட் என்று கழித்து, டெபாசிட்டில் பாதிகூட வரவில்லை. உன்னிடமும் இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம், முன்பணம் ஒரு மாதம் என்று கேட்பார்கள், அதுதான் வழக்கம். கேட்பதில் தப்பில்லை. ஒவ்வொரு பக்கமும் வாசி. புரியாத வரிக்குப் பென்சிலில் கோடு போட்டுக் கேள். கையெழுத்தானதும் ஸ்டாம்பிங் பண்ணு. முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியாக எடுக்கமாட்டார்கள்.

எஸ்எஸ்எம் என்கிற கம்பெனி ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவது உனக்கு விளையாட்டு, ஆன்லைனில் முடித்துவிடுவாய். வியாபாரம் ஆரம்பித்த 30 நாளுக்குள் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள உன் பெயரிலேயே என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப்பெயர் என்றால் 60. சான்றிதழைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் மாட்டு. மாநகராட்சியான டிபிகேஎல்லின் லைசென்ஸ் வேறு, பெயர்ப்பலகைக்கு அனுமதி வேறு.

பெயர்ப்பலகை விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. நீ வைத்திருக்கிற தமிழ்ப் பெயர் எனக்கும் பிடித்திருக்கிறது, நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் பலகையில் மலாய்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழோ சீனமோ அதைவிடச் சிறியதாக வரலாம். மலாய் வாசகத்தை மொழிக் கழகமான டேவான் பஹாசாவில் சரிபார்த்து வாங்கிய பிறகு பலகைக்காரனுக்குக் காசு கொடு. போனில் மொழிபெயர்த்து அடித்துவிட்டு, கழற்றி மறுபடி அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடன் என்றால் முதலில் அரசாங்கத்தின் கடன் நிறுவனமான தெக்குனில் இந்தியர்களான நம்மவர்களுக்கென்று இருக்கிற ஸ்புமி கடனைக் கேட்டுப் பார். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிற நம்பருக்கு மட்டும் போன் போடாதே. ஆ லோங், அந்தக் கந்துவட்டிக்காரன், எல்லா மொழியும் பேசுவான்.

நோன்புப் பெருநாள் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். 2026ல் சீனப் பெருநாள் வந்த இரண்டே நாளில் நோன்பு தொடங்கியது. அடுத்த சில வருடங்களுக்கும் இரண்டு வேலையும் ஒன்றன் மேல் ஒன்று விழும். நோன்பு பிறப்பதற்கு முன்பே ஆர்டரை மூடிவிடு. "கக், தோலோங்", அக்கா உதவி பண்ணுங்கள் என்று கெஞ்சுவார்கள், இன்னும் ஒன்றுதானே என்று தோன்றும். அந்த இன்னும் ஒன்றில்தான் நான் அங்கிளின் கால்சட்டையை வெட்டினேன்.

அண்ணன் சனிக்கிழமை கேஎல் வருகிறான். என் பெரிய கத்தரியைச் சாணை பிடித்து, துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். அதில் காகிதம் வெட்டாதே, டேப் வெட்டாதே, யார் கேட்டாலும் கடன் கொடுக்காதே. பழைய பில் புத்தகம் ஒன்றும் வைத்திருக்கிறேன். கால்சட்டைப் படம் எப்படிக் கிறுக்குவது என்று அதில் பார்த்துக்கொள், சிரிக்காதே.

படிக்கட்டில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணிவிட்டுப் போன் பண்ணு. ஒன்பது மணிக்கு முன்னால் பண்ணு, அதற்கு மேல் நான் தூங்கிவிடுவேன்.

அம்மா