கங்கையில் ஆய்க்குடி

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி நடக்க ஆரம்பித்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மாடி வேலை முடிந்தது, கொத்தனார் கணக்குதான் இன்னும் முடிந்தபாடில்லை.

மகளுக்கு வங்கித் தேர்வு ரீசனிங்கில் இந்த அசம்ஷன் கேள்விதான், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதற்குள் எந்த அனுமானம் மறைந்திருக்கிறது என்று கேட்பார்களே அதுதான், காலை வாருகிறது என்று எழுதியிருந்தாய். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதில் தடுமாறுவார்கள். கொடுத்த வாக்கியம் உண்மையா, நியாயமா என்று யோசிக்கப் போய்விடுவார்கள். சொன்னவர் எதை வாய்விட்டுச் சொல்லாமல் நம்பிக்கொண்டு பேசினார் என்பதுதானே கேள்வி!

'டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாக வசூலிக்கப்படும்' என்று ரயில்வே எழுதிவைக்கிறது. டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர்கள் இருக்கலாம் என்பது இதற்குள் இருக்கிறதா? மறுத்துப் பார்க்கச் சொல். அப்படி ஒருவரும் ஏறவே மாட்டார்கள் என்றால் அறிவிப்புக்கே வேலையில்லை. ஆகவே அது உள்ளே இருக்கிறது. 'இதைப் படித்ததும் எல்லாரும் டிக்கெட் எடுத்துவிடுவார்கள்' என்பது? சிலர் எடுக்காவிட்டாலும் அறிவிப்பு அறிவிப்புதான், ஆகவே அது உள்ளே இல்லை. 'எல்லாரும்', 'மட்டுமே', 'நிச்சயம்' வந்தால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'ரயில்வேக்கு வருமானம் கூடும்' என்று ஒன்று கொடுத்திருந்தால் அது பின்னால் நடக்கக்கூடிய விளைவு, முன்னால் நம்பியது அல்ல. பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான்.

விளம்பரம் என்றால் இந்த விடை, அரசு அறிவிப்பு என்றால் அந்த விடை என்று கோச்சிங்கில் ஒரு சூத்திரம் கொடுப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் வேறு போகிறது.

நம்மவர்களுக்கு இது புதிதும் அல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையில் அளவைகளை, அதாவது ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகளை, அடுக்கும்போது அருத்தாபத்தி என்று ஒன்று வருகிறது: கங்கையில் ஆய்க்குடி (ஆயர் குடியிருப்பு) இருக்கிறது என்றால் கரையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது. கரை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அதை எடுத்துவிட்டால் ஆயர்கள் தண்ணீருக்குள் குடியிருக்க வேண்டும்! தேர்வில் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். உன் மகளுக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது.

பழைய வினாத்தாள்களில் அவள் தப்புவிட்டதை மட்டும் குறித்து அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம். அப்புறம், தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமு