94 லட்சம் அடித்தார்கள், மிச்சம் எத்தனை?

அன்பு மகளுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் அங்கே நலமா? குளிர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், பிள்ளையின் காதை மூடியே வெளியே கூட்டிப் போ.

1911ஆம் வருஷத்து வெள்ளி ஒரு ரூபாய்க் காசு 94 லட்சம் அடித்ததாகப் பட்டியலில் இருக்கிறதே, பிறகு அது எப்படி அரியது ஆகும் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி அம்மா. அடித்த கணக்கு வேறு, வெளியே விட்ட கணக்கு வேறு, மிஞ்சிய கணக்கு வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

அந்த வருஷம் கல்கத்தா மின்ட் (நாணயச்சாலை) 43 லட்சமும் பம்பாய் மின்ட் 51 லட்சத்துக்குச் சற்று மேலும் அடித்தன. காசில் உள்ள ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மார்புச் சங்கிலியில் ஒரு யானை இருக்கும். அதன் துதிக்கை குட்டையாக அமைந்துபோய், பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்பு எழுந்ததும் காசைத் திரும்ப எடுத்து உருக்கினார்கள். அதற்குள் வெளியே போயிருந்தது சுமார் 7 லட்சம்தான். ஆக, நீ கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் 7 லட்சம், 94 லட்சம் இல்லை. 1912இல் யானையைத் திருத்தி, துதிக்கை நன்றாகத் தெரியும்படி புது அச்சு செய்தார்கள்.

அந்த 7 லட்சமும் அப்படியே தங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் பழைய ரூபாய்களைச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கினார்கள்: 1941இல் விக்டோரியா, 1942இல் எட்வர்டு, 1943இல் ஐந்தாம் ஜார்ஜ் காசும் ஆறாம் ஜார்ஜின் பழைய தரக் காசும். 100க்கு 91.7 பங்கு வெள்ளி இருந்ததால் கஜானாவுக்குப் போகாததில் பெரும்பகுதி ஆசாரியின் உலைக்குப் போய்க் கொலுசும் குங்குமச் சிமிழும் ஆகியிருக்கும். தப்பியவற்றில் சிலவற்றுக்கு ஒரு காரணம் உண்டு. ரூபாய் காசு சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். அதனால் எடைக்கல்லாகவும் பெட்டியில் கிடந்தது. பானையில் போட்டுப் புதைத்தவர்களும் காசுமாலை கோத்தவர்களும் மற்றவற்றைக் காப்பாற்றினார்கள்.

இப்போது எண்ணுவது எப்படி என்பதற்கு வருகிறேன். ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கும் 1911 காசுக்கு ஒரு வழி, விரல்விட்டு எண்ணுமளவுக்கு அபூர்வமாக வரும் ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய்க்கு வேறு வழி.

1911க்கு விகிதம் பார்க்க வேண்டும். யாரும் பொறுக்கி எடுக்காத பழைய காசு மூட்டை கிடைத்தால் அதிலிருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் எல்லாவற்றையும் வருஷவாரியாகப் பிரித்து எண்ணு. வியாபாரி ஒருமுறை கை வைத்த மூட்டை இதற்கு உதவாது, 1911ஐ முதலிலேயே எடுத்திருப்பார். ஆயிரத்தில் 4 கிடைத்தது என்று வை. ஆயிரத்துக்கு 4 என்று உடனே எழுதிவிடாதே. 4 என்ற சிறிய எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான சராசரி 1 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம். நான்கைந்து ஊர் மூட்டைகளைச் சேர்த்து 100 காசாவது 1911 கிடைத்தால்தான் விகிதத்தை நம்பலாம். அதுவும் மற்ற வருஷங்களோடு ஒப்பிட்ட விகிதம் மட்டுமே, மொத்த எண்ணிக்கை ஆகாது.

1939க்கு ஒவ்வொரு காசையும் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வது போலத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஏலக் கேட்டலாக்குகளின் படங்களை எடுத்து ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. விளிம்பில் அடி எங்கே இருக்கிறது என்பதைக் கடிகார முள் போலக் குறி: “3 மணிப் பக்கம் பள்ளம்”, “கன்னத்தில் சாய்ந்த கீறல்”. அச்சு வெடித்ததால் வரும் மேடான கோட்டை அடையாளமாக எடுக்காதே. அந்த ஒரே அச்சில் அடித்த அத்தனை காசிலும் அது இருக்கும். காசு பிறந்த பிறகு பட்ட காயம் மட்டுமே அதற்குச் சொந்தமானது. நிறத்தையும் நம்பாதே, யாராவது விபூதி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கணக்கு இப்படி. எண்களைப் புரிவதற்காக மட்டும் வைத்துக்கொள்: முதல் ஐந்து வருஷ ஏலங்களில் 40 வெவ்வேறு காசு, அடுத்த ஐந்து வருஷத்தில் 30. இரண்டிலும் வந்தவை 12. 40ஐ 30ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 100. குளத்து மீனைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, மறுபடி வலை போட்டு எண்ணுகிற அதே வழிதான். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது மூன்றிலும் ஒன்று கூட்டி, 41ஐ 31ஆல் பெருக்கி 13ஆல் வகுத்து, வந்ததில் ஒன்றைக் கழி. 97 வரும். அது கொஞ்சம் நம்பகமானது.

ஆனால் சில காசுகள் கைமாறிக்கொண்டே இருக்கும், சில மூன்று தலைமுறையாக லாக்கரை விட்டு வராது. அதனால் இரண்டு ஏலத்திலும் வந்தவற்றின் எண்ணிக்கை கூடிப்போய், விடை உண்மையைவிடக் குறைவாக வரும். 97 என்றால் “குறைந்தது 97” என்று படி. மாறாக, படம் மங்கலாக இருந்து ஒரே காசை இரண்டாக எண்ணிவிட்டால் விடை ஊதிப்போகும். காசுக்குத் தரம் போட்டு டப்பாவில் அடைத்துத் தரும் தரச்சான்று நிறுவனங்களின் எண்ணிக்கையிலும் இந்தக் கோளாறு உண்டு. உயர்ந்த கிரேடு வேண்டி டப்பாவை உடைத்து மறுபடி அனுப்புவார்கள், ஒரே காசு இரண்டு மூன்று முறை எண்ணிக்கையில் ஏறிவிடும்.

எண்ணுவதற்கு முன் போலியைக் களைய வேண்டும். 1911இல் வழக்கமான திருட்டு, 1917இன் கடைசி ‘7’ஐச் சுரண்டி ‘1’ ஆக்குவது. பத்து மடங்கு லென்ஸை எடு. முதலில் வருஷத்தைப் பார்க்காதே, யானையைப் பார். துதிக்கை நீளமாகத் தெரிந்து வருஷம் மட்டும் 1911 என்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். பிறகு கடைசி ‘1’இன் மேல்பக்கத்துத் தரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார், சுரண்டிய இடம் சுற்றியிருப்பதைவிட மின்னும். விளிம்பையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடு, காசுமாலையில் வளையம் பற்றவைத்த தழும்பு பாலிஷுக்குப் பிறகும் லேசாகத் தெரியும்.

உலோகத்துக்கு 0.01 கிராம் காட்டும் தராசு போதும். காசு காய்ந்திருக்கும்போது 11.66, தேய்ந்த காசு 11.4 வரை இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கு. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்து. நல்ல வெள்ளிக் காசானால் 1.13 பக்கம் காட்டும். 1.3க்கு மேல் போனால் அது தாமிரம், நிக்கல் கலப்பு. காசில் காற்றுக் குமிழ் ஒட்டினாலும் எண் கூடிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் குமிழ் நிற்காது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிப் பருத்தித் துணியில் ஒற்றியெடு, தேய்க்காதே.

கடைசியாக, நீ கேட்ட காசை யார் கையிலும் கொடுத்தனுப்ப முடியாது. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. 1911 ரூபாய் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அது இங்கேயே இருக்கட்டும். சாய்ந்த வெளிச்சத்தில் இருபக்கமும், விளிம்பு நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புகிறேன். யானை எப்படி இருக்கிறது, மின்ட் எது என்று நீயே பார்த்து எழுது. பின்பக்கம் அடியில் உள்ள பூவுக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா.

அன்புடன்,
அப்பா